சுவர்: இருபத்தேழு குடும்பங்கள்

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு வரிசை. பதினான்கு பேர் வெட்டவெளியில் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கடை இல்லை, கிணறு இல்லை, கதவும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரே இடத்துக்கு வந்ததும் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, இரண்டு அடி முன்னே வைத்து, அதன் பிறகுதான் வலப்பக்கமோ இடப்பக்கமோ பிரிந்தார்கள். தாமதமாக வந்த ஒரு பெண் வடக்கிலிருந்து ஓடி வந்தாள். அவள் உட்காரவேண்டிய இடம் நேர் எதிரே நாலு அடியில் இருந்தது. அவள் அங்கே போகவில்லை. மைதானத்தைச் சுற்றி மேற்கே போனாள், வரிசையின் கடைசியில் நின்றாள், முறை வந்ததும் நுழைந்து, அந்த நாலடி தூரத்து இடத்துக்கே வந்து உட்கார்ந்தாள்.

நான் சைக்கிளை ஒரு பனைமரத்தில் சாய்த்துவிட்டு, நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு படிவம். நில எடுப்பில் 'வழிபாட்டு இடம்' என்ற பகுதிக்கு முன்பெல்லாம் ஐந்து கேள்விகள் உண்டு. இனி ஒரே ஒரு கட்டம், அதில் ஒரு டிக் போதும் என்று மாற்றப்போகிறார்களாம். அலுவலகத்து இளைஞர்கள் பழைய கோப்புகளைக் கட்டும்போது ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். "ஒரு சின்ன கோயிலுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கீங்களே சார், அதுவும் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் ஆள் பேரு!" என்று சிரித்தார்கள். அந்த நாலு பக்கத்தின் கதை இது.

எனக்கு நில அளவையில் பெரிய படிப்பு இல்லை. பட்டணத்தில் ஒரு தினசரியில் இரண்டு வருஷம் நிருபனாக இருந்தேன். இரண்டாம் உலக யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் பத்திரிகை எட்டுப் பக்கத்திலிருந்து நாலாகச் சுருங்கியது; சுருங்கிய நாலு பக்கத்தில் எனக்கு இடம் இல்லை. அதே யுத்தத்துக்காக ஆவடிப் பக்கம் ராணுவத்துக்கு நிலம் எடுக்க, பூந்தமல்லியில் ஒரு வாடகை வீட்டில் தனி அலுவலகம் திறந்தார்கள். தற்காலிகக் குமாஸ்தா வேலை கிடைத்தது. நிலம் அளக்கும் சங்கிலி பிடிக்கவும், அளவுகளைக் குறிக்கும் பீல்டு புக் எழுதவும் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன். மற்றதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் இப்ராகிம் சாயபு.

அவர் ஸ்பெஷல் டெபுடி தாசில்தார். பூந்தமல்லிக்காரர். குல்லாய், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, பையில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான பென்சில். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அறிக்கையில் 'சுமார்' என்ற சொல் இருந்தால், தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்துவிடுவார். அவ்வளவுதான் கண்டிப்பு. ஒருமுறை 'மிகப் பழமையான புளியமரம்' என்று எழுதிவிட்டேன்.

"ரிப்போர்ட்டரே, மரம் உங்ககிட்ட வயசு சொல்லிச்சா?" என்றார்.

"இல்லை சார்."

"அப்போ அடிமரத்தைச் சுத்தி எத்தனை அடின்னு எழுதுங்க. அதை மரம் சொல்லும்."

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. எந்த அறிக்கையானாலும், எந்த இடத்தைப் பற்றி எழுதியதோ அந்த இடத்தில் நின்று, அங்கே இருப்பவர்கள் காதில் விழும்படி உரக்கப் படிக்கவேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை.

வரிசையைப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை அங்கே அனுப்பியவரும் அவர்தான். எடுக்கவேண்டிய நிலத்தின் ஓரத்தில், புறம்போக்கில், இருபத்தேழு கிறிஸ்தவக் குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. எல்லாரும் கூலி வேலைக்காரர்கள். அவர்களைப் பற்றி எங்களுக்கு வந்திருந்த உத்தரவு தெளிவானது. புறம்போக்குக் குடிசைக்கு ஈட்டுத்தொகை மட்டும். மாற்று மனை கிடையாது. ஆனால் குடியிருப்பில் வழக்கமாகப் பயன்படும் வழிபாட்டு இடம் ஒன்று இருந்தால், அந்தக் குடியிருப்பைப் பிரிக்கக்கூடாது. வேறொரு இடத்தில் ஒன்றாகக் குடியமர்த்தி, வழிபாட்டுக்கும் ஒரு மனை தரவேண்டும். பக்கத்துக் குடியிருப்பில் ஒரு அம்மன் கோயில் இருந்தது. ஆறடிக்கு ஆறடி. அவர்கள் மொத்தமாகப் பிழைத்தார்கள். இங்கே கோயில் இருந்தால் இருபத்தேழு குடும்பமும் சேர்ந்து இருக்கும். இல்லையென்றால் அம்பத்தூர் சூளைக்குச் சிலர், திருவேற்காட்டுத் தோட்டங்களுக்குச் சிலர், முகப்பேர் வயல்களுக்குச் சிலர் என்று சிதறவேண்டியதுதான். அதைச் சரிபார்த்து வர நான் போயிருந்தேன்.

ஆராதனை முடிய ஏழு மணி ஐம்பது ஆயிற்று. அதுவரை நான் பார்த்ததை எழுதினேன். குடும்பத்துக்கு இரண்டு பேர் என்று பெரியவர்கள் ஐம்பத்து நாலு பேர் இருக்கவேண்டும். ஐம்பத்து மூன்று பேர்தான் இருந்தார்கள். அவர்கள் நடுவில் கூட்டமாக உட்காரவில்லை. நீள்சதுரத்தின் நாலு ஓரத்திலும், முதுகு வெளியே பார்க்க, தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் நடுவில். மேற்கே நாலு அடி இடைவெளி. அதன் வழியாகத்தான் எல்லாரும் வந்தது. தெற்கு வரிசையில் இன்னோர் இடைவெளி, ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கத்தில் இருந்தவர்களும் நகர்ந்து அதை அடைக்கவில்லை.

உபதேசியார் ஞானமுத்து என்னிடம் வந்தார். பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது இவர். நாற்பது வயது, ஒல்லி, தோளில் வெள்ளைத் துண்டு.

"கோயில் எங்கே?" என்று கேட்டேன்.

"பார்த்துக்கிட்டு இருந்தீங்களே சார்."

"கட்டடத்தைக் கேட்கிறேன்."

அவர் சொன்னார். இரண்டு மழைக்காலத்துக்கு முன் அடித்த புயலில் ஓலைக்கோயில் விழுந்துவிட்டது. அதே காற்றில் ஒன்பது குடிசைகளும் விழுந்தன. மரம், மூங்கில், ஓலை எல்லாம் ராணுவ முகாமுக்கே போய்க்கொண்டிருந்த சமயம், விலைக்குக் கிடைக்கவில்லை. கோயிலின் உத்தரத்தையும் கழிகளையும் பிரித்து ஒன்பது வீட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு, கோயில் நின்ற இடத்தில், சுவர் இருந்த வரியில், குடும்பத்துக்கு இரண்டு பேராக உட்கார்ந்தார்கள்.

"கடவுள் தங்கற கோயில் நாமதான்னு பத்து வருஷமா நான் பிரசங்கம் பண்ணேன் சார். தலையை ஆட்டினாங்க. கூரை போனப்புறம்தான் நம்பினாங்க."

"அந்த இடைவெளி?"

"யாக்கோபு எடம்."

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். காலையில் சுற்றிக்கொண்டு வந்தவள் அவள்தான். பெயர் எஸ்தர். "அந்தச் சுவரு இன்னிக்கி மிலிட்டரி டிப்போல மூட்ட தூக்கினுகீது சார். ஞாயித்துக்கெழமயும் வேல வாங்குறானுங்கோ."

"நகர்ந்து உட்கார்ந்து அடைக்கக்கூடாதா?"

"அடச்சிட்டா அது வர்லன்னு எப்டித் தெரியும்? ஓட்ட தெரிஞ்சாத்தானே இன்னா ஏதுன்னு ஊட்டாண்ட போய்க் கேப்போம்."

போன மாதம் ஓட்டை தெரிந்து போய்க் கேட்டதில், ஒருத்தருக்கு விஷக்காய்ச்சல் என்று தெரிந்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களாம். ஆள் பிழைத்து, அன்று கிழக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அடையாளம் காட்டினார்கள். அவர் எழுந்து ஒரு கும்பிடு போட்டார்.

அந்த நேரத்தில் கிராமத்துக் கணக்குப்பிள்ளை வந்து சேர்ந்தார். நிலக்கணக்கு வைத்திருப்பவர், கெட்டவர் அல்ல. உத்தரவு என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"ஞானமுத்து, நாலு மூங்கில், இருபது கீத்து. சாயந்தரத்துக்குள்ள போட்டுடுங்க. பன்னண்டு வருஷமா கோயில் இருக்குன்னு நான் எழுதிக் குடுக்கறேன். குமாஸ்தா சார் நாளைக்கு ஒரு நடை வந்து பார்த்துட்டா முடிஞ்சுபோச்சு. என்ன சார்?"

பார்த்தால் எழுதுவேன் என்றேன். அது உண்மை. மூங்கில் எப்போது நட்டது என்று சாயபு கேட்பார், அதையும் எழுதுவேன் என்றேன். அதுவும் உண்மை.

பேச்சு சூடு பிடித்தது. "கோயிலு இருந்துது தானேய்யா? பொய்யா சொல்றோம்?" என்றார் ஒருவர். "புள்ளகுட்டிய இட்டுகினு நான் அம்பத்தூருக்கும், என் தங்கச்சி திருவேற்காட்டுக்கும் போவணுமா?" என்றாள் இன்னொருத்தி. அவள் கண் கலங்கியிருந்தது. ஞானமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எஸ்தர்தான் பேசினாள்.

"கீற கோயில வுட்டுட்டு இல்லாத கோயில காட்டுவாங்களா? நாளைக்கி நம்ம புள்ளைங்கோ கேக்காது? ரெண்டு வருஷமா இன்னாத்துக்குச் சுத்தினு வந்தோம்னு?"

கணக்குப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "உங்களையெல்லாம் காப்பாத்த வந்தேன் பார்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தை நான் டேப் பிடித்து அளந்தேன். நீளம் முப்பத்திரண்டு அடி, அகலம் பதினெட்டு அடி.

திங்கட்கிழமை சாயபு என் குறிப்பை இரண்டு முறை படித்தார். "ஞாயித்துக்கெழமை உக்காந்தா அது கூட்டம். சந்தையிலகூட ஜனம் உக்காருது. சுவர்னா செவ்வாய்க்கெழமையும் சுவரா இருக்கணும்."

நான் எனக்குத் தெரிந்த ஒரே வாதத்தை வைத்தேன். "ஈத்கா மைதானத்தில் கூரை இல்லையே சார். அதைத் தொழுகை இடம் என்றுதானே கணக்கில் எழுதுகிறோம்?"

"மேற்கே ஒரு சுவராவது இருக்கு அதுல. இங்கே அதுவும் இல்லை." பென்சிலின் சிவப்பு முனையைப் பார்த்தார். பிறகு திருப்பி நீல முனையைப் பார்த்தார். "நாளைக்குச் செவ்வாய்க்கெழமை. போய்ப் பார்ப்போம். சொல்லி அனுப்பாதீங்க."

செவ்வாய், பகல் பதினோரு மணிக்கு நாங்கள் இருவரும் அந்தப் பனைமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மைதானத்தில் ஆள் இல்லை. தரையில் கோடு இல்லை, கல் இல்லை. பதினொன்று பத்துக்கு ஒரு நாய் குறுக்கே போயிற்று. பதினொன்று இருபத்தைந்துக்கு விறகுக் கட்டோடு ஒரு ஆள் வந்தார். முப்பத்திரண்டு அடியைச் சுற்றிக்கொண்டு போனார். "ஒரு ஆள் சாட்சி ஆகாது" என்றார் சாயபு.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு சிவப்புப் பசு வந்தது. கணக்குப்பிள்ளை வீட்டுப் பசு. கொம்பில் மஞ்சள் கயிறு. எஸ்தர் வீட்டு வேலியில் காய்ந்த புடவையின் முந்தானையைக் கடித்து இழுத்துக்கொண்டு, நேராக மைதானத்துக்குள் நடந்து, நடுவில் நின்று அதை மென்று தின்னத் தொடங்கியது. துணியே கிடைக்காத யுத்தகாலத்தில் ஒரு புடவை என்றால் என்ன என்று அப்போது இருந்தவர்களுக்குத் தெரியும். எஸ்தர் குடிசையிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"ஏய்! ஏய்! உன்ன கட்டையில வெக்க! வுடு! வுடுடீ!"

வடக்கு ஓரத்துக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. பசு அவளிடமிருந்து ஒன்பது அடி தூரத்தில் இருந்தது. கையை நீட்டிப் பார்த்தாள். ஒரு குச்சியை எடுத்து வீசினாள். பசு காதை ஆட்டியது. எஸ்தர் திரும்பி, திட்டிக்கொண்டே மேற்கு நோக்கி ஓடினாள். வாசல் இருக்கும் இடத்தில் நின்றாள், காலைத் தட்டினாள், உள்ளே நுழைந்தாள். அதற்குள் புடவையில் ஒரு முழம் பசுவின் வாய்க்குள் இருந்தது. அவள் நெருங்கியதும் பசு தெற்குச் சுவர் வழியாக வெளியே போயிற்று, புடவையோடு. எஸ்தர் மறுபடி வாசலுக்கு ஓடினாள்.

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. இப்ராகிம் சாயபு குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு எழுந்து போய், பசுவின் கயிற்றைப் பிடித்து, புடவையை மீட்டுக் கொடுத்தார்.

"ஏம்மா, நேரா உள்ளே போயிருந்தா புடவை முழுசா கிடைச்சிருக்குமே?"

எஸ்தருக்கு அவர் யார் என்று தெரியாது. "அங்க எங்க மாமியாரு குந்தும் நைனா. பக்கத்துல எங்க ஓர்ப்படி. ஆளத் தாண்டினு போவ முடியுமா?"

"இப்போ அங்கே யாரும் இல்லையே."

"அதுங்கோ எடம் கீதே."

சாயபு புடவையின் கிழிந்த ஓரத்தைப் பார்த்தார். என்னிடம் திரும்பினார். "எழுதுங்க ரிப்போர்ட்டரே. மணி பதினொன்னு நாப்பது. பசு சுவரை மதிக்கலை. ஆள் மதிச்சாங்க."

அறிக்கை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், வாசல் வழியாக உள்ளே போய் நடுவில் நின்று உரக்கப் படித்தேன். சாயபு வாசலுக்கு வெளியே நின்றார்.

"அஸ்திவாரம்: இல்லை" என்று படித்தேன்.

ஞானமுத்து எழுந்தார். "அப்படிச் சொல்லக்கூடாது சார். அஸ்திவாரம் இருக்கு."

"எத்தனை அடி ஆழம்?" என்றார் சாயபு.

"அது அளவுக்கு வராது ஐயா."

சாயபு யோசித்தார். "அளவுக்கு வராததை இருக்குன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்லை. இல்லைன்னு எழுதவும் அதிகாரம் இல்லை. அந்த இடத்தைக் காலியா விடுங்க ரிப்போர்ட்டரே."

'இல்லை' என்பதை அடித்தேன். அடுத்து: "சுவர்: இருபத்தேழு குடும்பங்கள். பெயர்கள் இணைப்பில்." ஒவ்வொரு பெயராகப் படித்தேன். படித்தபோது அந்தந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாக்கோபு அன்று வந்திருந்தார், அவர் பெயர் வந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், "சுவரு பூசி வந்துகீது பாரு இன்னிக்கி!" என்றது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். "கதவு: மேற்கில், நாலு அடி. மூடுவதில்லை. கூரை: இல்லை. வழக்கமான பயன்பாடு: உண்டு, அலுவலர் இருவர் நேரில் கண்டது." பசுவின் சாட்சியும் இருந்தது. வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை அழுத்தி, சாயபு கையெழுத்துப் போட்டார்.

பதினேழு நாள் கழித்து மேலிடத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது. மறுப்பு இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: 'சுவரின் உயரம் குறிப்பிடப்படவில்லை.'

கேலியா, உண்மையான கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. சாயபு அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. "குறை நம்மோடது. அளந்துட்டு வாங்க" என்றார். போய் ஐம்பத்து நாலு பேரையும் அளந்தேன். எஸ்தரின் மாமியார், "என்ன அளக்குறியே, பொட்டி செய்யவா?" என்று கேட்டாள். அனுப்பிய பதில் இது: 'உட்கார்ந்த நிலையில் சராசரி இரண்டு அடி ஒன்பது அங்குலம். பாட்டுக்கு எழும்போது சராசரி ஐந்து அடி இரண்டு அங்குலம்.'

மாதம் முடியுமுன் உத்தரவு வந்தது. குடியிருப்பைப் பிரிக்க வேண்டியதில்லை. பாரிவாக்கத்துக்கு அருகே மேட்டு நிலத்தில் இருபத்தெட்டு மனைகள்: வீட்டுக்கு இருபத்தேழு, வழிபாட்டுக்கு ஒன்று.

மனைகளை அளந்து கல் நட்ட அன்று மாலை, ஒரு வண்டியின் பின்பலகையில் தாள்களை வைத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினோம். இருபத்தேழு மனைக்கும் குடும்பத் தலைவர்கள் வைத்தார்கள். இருபத்தெட்டாவது தாளை ஞானமுத்துவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நான் எப்படி சார்? நான் கிழக்குச் சுவர்ல ஒரு ஆள்."

"கோயில் சார்பா யாராவது ஒருத்தர் போட்டுத்தான் ஆகணும்" என்றார் சாயபு.

"கோயிலே வந்து கீதே, சார்பு இன்னாத்துக்கு?" என்றாள் எஸ்தர்.

தாளில் கையெழுத்துக்கு ஒரு வரிதான் இருந்தது. சாயபு அந்த வரியைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மைப்பெட்டியைப் பலகையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார். முதலில் ஞானமுத்து கட்டைவிரல் ரேகை வைத்தார். வரி நிரம்பியதும் ஓரத்தில் வைத்தார்கள், ஓரம் நிரம்பியதும் தாளைத் திருப்பினேன். இரண்டு முறை மை ஊற்றவேண்டி வந்தது. முடிந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. எண்ணி எழுதவேண்டியது என் வேலை என்பதால் எண்ணினேன்.

நூற்றுப் பதினைந்து ரேகைகள். கடைசி ரேகை, பிறந்து பத்தொன்பது நாளான ஒரு பெண் குழந்தையுடையது.